இரண்டு சலவை முடியும் வரை

அந்தச் சலவைக் கடைக்குப் போகிறவர்களுக்கு முதலில் தெரியவருவது மாமியாரின் குரல்தான். ஆள் குள்ளம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் நெற்றியும் கண்ணும் மட்டும்தான் மேலே தெரியும். ஆனால் குரல் எழுந்து வாசல் வரை நடந்துபோய், வருகிறவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும்.

“ஏன் தம்பி, இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு நீங்க சாப்பிட்டீங்களா, இல்ல கோட்டுக்கே ஊட்டி விட்டீங்களா?”

யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சிரித்துக்கொண்டே துணியைக் கொடுப்பார்கள். அவர் ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சின்னத் துண்டை ஊக்கால் குத்திப் பின்பக்கம் தள்ளிவிடுவார். அங்கே மருமகள். இயந்திரத்தில் போடுவதும் எடுப்பதும், நீராவி மேஜையில் விரித்து அழுத்துவதும் அவள் பாடு. மகன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவான். கடைக்கு மேலேயே வீடு. குழந்தை இன்னும் இல்லை. அதைப் பற்றி யாராவது மருமகளிடம் வாயைத் திறந்தால், அவள் தலை குனிவதற்கு முன்பே மேஜைக்குப் பின்னாலிருந்து பதில் போய்விடும்: “வந்தா உங்களுக்குச் சொல்லாமலா வளர்க்கப் போறோம்? நீங்க துணியைக் குடுங்க.”

அப்படிப்பட்ட வாய். ஆனால் ஒரே ஒரு இடத்தில் அது தோற்றுப்போனது.

இந்தக் குடும்பம் போன சபையில் அபிஷேகம் என்றால் சும்மா இல்லை. பரிசுத்த ஆவியானவர் ஒருவர்மேல் இறங்கினால், அவர் ஒருநாளும் படிக்காத பாஷை ஒன்று அவர் வாயிலிருந்து புறப்படும். அந்நிய பாஷை என்பார்கள். பேசுகிறவருக்கே அதன் பொருள் தெரியாது. அதற்கென்று காத்திருப்புக் கூட்டம் வைப்பார்கள். முழங்காலில் நின்று, கண்ணை மூடி, மணிக்கணக்கில் துதிப்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக் கிடைக்கும், பின்னால் நிற்பவருக்குக் கிடைக்கும். மாமியாருக்கு மட்டும் இத்தனை வருஷமாகியும் கிடைக்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்தவர், உபவாசம் தவறாதவர், சபைக்கு முதலில் வந்து நாற்காலி போடுகிறவர். ஆனாலும் இல்லை.

வெளியில் அவர் அதையும் வேடிக்கையாக்கிவிடுவார். “என்கிட்ட இருக்கிற ஒரு பாஷைக்கே ஆண்டவர் காதைப் பொத்திக்கிறார். இன்னொண்ணும் குடுத்துட்டு அவர் எங்க போய் ஒளியறது?” என்பார். பெண்கள் எல்லாரும் சிரிப்பார்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவர் அழுவது மருமகளுக்கு மட்டும்தான் தெரியும். கீழே கடையில் அத்தனை தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவிலும் அந்தக் குழாய்ச் சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்கும்.

ஏனென்றால் மருமகளுக்குக் கிடைத்துவிட்டது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், கேட்காமலேயே. துணி மடித்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தவளுக்கு நாக்கு தன்னால் புரண்டு, உள்ளே ஒரு ஊற்று திறந்ததுபோல் பாஷை கொட்டிற்று. அது பொய்யில்லை. அந்நிய பாஷை பொய் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அவளுக்கு வந்தது வந்ததுதான். ஆனால் அன்று முதல் மாமியார் அவள் எதிரில் வாய்விட்டு ஜெபிப்பதை நிறுத்திவிட்டார். குடும்ப ஜெபத்தில், “நீயே பண்ணும்மா, உனக்குத்தான் நேர் லைன் இருக்கே” என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அது அவளுக்கு ஊக்கு குத்தினாற்போல் இருக்கும்.

அவளும் மாமியாருக்காக உபவாசம் இருந்து பார்த்தாள். மனதுக்குள் ஆண்டவரிடம் கெஞ்சினாள். கெஞ்சலுக்கு அடியில், அவளே அப்போது பார்க்காத இடத்தில், இன்னொரு ஆசையும் சுருண்டு கிடந்தது: கிடைத்தால், என் ஜெபத்தால் கிடைத்தது என்று சபையில் சொல்வார்கள்.

அன்று காலை கடை திறந்து, முதல் சலவைக்குத் துணி போட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்தி அவள் பொத்தானை அழுத்திய நேரம். மேஜைப் பக்கம் ஊக்கு டப்பா கீழே விழுந்து சிதறிய சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். மாமியார் குனிந்து எடுக்கவில்லை. தன் வலது கையை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு ஓரம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. மருமகள் அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

“என்ன அத்தை?”

மாமியார் வாயைத் திறந்தார். “ரிமாலே தகோரி,” என்றார். “தகோரி… பாலெஷா ரிமா. பாலெஷா.”

மருமகளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பார்த்த கை மறந்துபோயிற்று, பார்த்த வாயும் மறந்துபோயிற்று. மறந்துபோயிற்றா, இவள் தள்ளிவிட்டாளா என்பதுதான் பின்னால் அவளைத் தின்றது. “ஸ்தோத்திரம் அத்தை, ஸ்தோத்திரம்,” என்று அழுதுகொண்டே போய் மாமியாரின் தலைமேல் இரண்டு கையையும் வைத்தாள். மாமியார் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். இத்தனை வருஷம் கழித்து வந்ததைத் தாங்க முடியாமல் கூச்சப்படுகிறார் என்று இவள் நினைத்தாள்.

“தடுக்காதீங்க அத்தை. பேசுங்க. மண்டி போடுங்க.”

தோளைப் பிடித்து அழுத்தி அவளே மண்டியிட வைத்தாள்.

பிறகு சபைப் பாஸ்டரின் மனைவி பாஸ்டரம்மாவுக்கு போன் போட்டாள். மருத்துவருக்குப் போட வேண்டிய போன். கைபேசியை மாமியாரின் வாயருகே பிடித்தாள். அந்தப் பக்கம் பாஸ்டரம்மா அழுதுவிட்டார். இரண்டு தெரு தாண்டித்தான் வீடு, ஓடி வந்தார். கடைக் கதவில் மூடியிருக்கிறது என்ற அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு இருவரும் மாமியாரின் இரு பக்கமும் முழங்காலில் நின்று பாடினார்கள். மாமியாரின் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது. ஆனந்தக் கண்ணீர் என்றார் பாஸ்டரம்மா. முதல் சலவை முடிந்து இயந்திரம் கூப்பிட்டது. மருமகள் எழுந்துபோய் அதை எடுத்துவிட்டு அடுத்ததைப் போட்டுவிட்டு வந்து மறுபடி மண்டியிட்டாள்.

அந்த இரண்டாம் சலவையின் நடுவில் மாமியார் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். ஆவியின் வல்லமையில் இப்படி விழுகிறவர்களைச் சபையில் பார்த்துப் பழக்கம். அப்படி விழுந்தவரை எழுப்பக் கூடாது, ஆண்டவர் அவரோடு உள்ளே பேசிக்கொண்டிருப்பார் என்பார்கள். ஆகவே தலைக்கு மடித்த துண்டு வைத்தார்கள். மருமகள், யாருடையதோ வெளுத்துத் தேய்த்து வைத்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்து, கசங்காமல் மெல்லப் போர்த்திவிட்டாள். காலடியில் உட்கார்ந்து, நன்றி ஆண்டவரே, நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகன் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்வாசல் வழியாக வந்தான். இரண்டாம் சலவை அப்போதுதான் முடிந்திருந்தது. “அம்மா ஏன் தரையில படுத்திருக்காங்க?” என்றான். விரிப்பை விலக்கி முகத்தைத் தன் பக்கம் திருப்பினான். அவ்வளவுதான், அம்மாவைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினான்.

மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர். வேகமாகப் பேசினார், கோபமாக இல்லை. “மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கு. கடைசியா எப்போ இவங்க சரியா பேசினாங்க?”

மகன் தன் மனைவியைப் பார்த்தான். அவன் காலையிலேயே கிளம்பிப் போனவன். பாஸ்டரம்மா கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்தங்கியிருந்தார். பதில் சொல்ல இவளைத் தவிர ஆளில்லை.

கடை திறந்தவுடனே, முதல் சலவை போடும்போதே ஆரம்பித்தது. இதுதான் பதில். ஒரே வரி. அந்த வரியைச் சொன்னால், அப்புறம் இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி வரும். அதற்கான பதிலைக் கணவன் எதிரில் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

“தெரியல டாக்டர்,” என்றாள்.

“ஒரு உத்தேசமா சொல்லுங்கம்மா. அடைப்பைக் கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. ஆரம்பிச்சு சில மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டிப் போட்டா உயிருக்கே ஆபத்து. நேரம் தெரியாம நான் போட முடியாது.”

“நான் உள்ள தேய்ச்சிட்டு இருந்தேன். கவனிக்கல. தெரியல.”

மருத்துவர் ஒரு நொடி நின்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஊசி போடவில்லை.

ஜெபம் செய்துகொண்டே உட்கார்ந்திருந்தது தப்பு என்றால், அது நல்லது என்று நம்பிச் செய்த தப்பு. அதில் பாஸ்டரம்மாவுக்கும் பாதி உண்டு. இந்த “தெரியல” இவளுக்கே இவளுக்கென்று இருந்தது. இதில் பங்குக்கு ஆள் கிடையாது.

*

மாமியார் பிழைத்து வந்தார். வலது கை மடியில் கிடந்தது. ஒரு ஆள் தாங்கினால் நடப்பார். நாம் பேசுவதெல்லாம் புரியும். ஆனால் அவர் வாயைத் திறந்தால் வருவது அந்தச் சத்தங்கள் மட்டும்தான்: ரிமா, தகோரி, பாலெஷா. ஏற்ற இறக்கமெல்லாம் அச்சு அசல் பழைய மாமியார்தான். கேலிக்கு ஒரு ராகம், அதட்டலுக்கு ஒரு ராகம். சொல் மட்டும் இல்லை.

சபை இதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. பார்க்க வந்த பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று, மாமியார் ஏதாவது சொன்னால் கையைத் தூக்கி, “ஆமென், ஆமென்” என்றார்கள். ஒருநாள் மாமியார் கஞ்சிக் கிண்ணத்தைக் காட்டி ஏதோ சொன்னார். ஒரு சகோதரி விம்மி அழுதாள். மாமியார் இன்னும் உரக்கச் சொன்னார். இரண்டு பேர் முழங்காலிட்டார்கள். மாமியார் கரண்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். “வல்லமை இறங்குது” என்றார் பாஸ்டரம்மா. அவர்கள் போனபின் மருமகள் கஞ்சியை வாயில் வைத்துப் பார்த்தாள். உப்பே போடவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சின்னப் பெண் வாரம் ஒருமுறை வந்தாள். படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். டம்ளர் படத்தைக் காட்டினால் மாமியார் டம்ளரைத் தொடுவார், வாய் மட்டும் “பாலெஷா” என்னும். முதல் நாளே அந்தப் பெண் மருமகளைத் தனியே கூப்பிட்டாள்.

“அக்கா, ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. புரியாம தலையாட்டாதீங்க. புரிஞ்ச மாதிரி நடிச்சா, அவங்களை உள்ள வெச்சுக் கதவைச் சாத்துற மாதிரி. புரியலைன்னா புரியலன்னு சொல்லுங்க. திரும்பச் சொல்லச் சொல்லுங்க. கோபப்படுவாங்க, பரவாயில்ல. கோபப்பட்டா நல்லது.”

மருமகள் சரி என்றாள். ஆனால் அவளால் முடியவில்லை. மாமியாரின் முகத்தை நேராகப் பார்த்து ஒரு வார்த்தை பேச அவளுக்குத் தெம்பில்லை. குளிப்பாட்டினாள், தலை வாரினாள், ஊட்டினாள், ஈரத் துணி மாற்றினாள். ஊரெல்லாம் இப்படி ஒரு மருமகளா என்றது. யாராவது பாராட்ட ஆரம்பித்தால் ஈரத் துணியை வாரிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். இடது கை முழங்காலைத் தேய்த்தால் கழிப்பறை, காதைத் தொட்டால் விளக்கை அணை, நெஞ்சில் தட்டினால் மகன் எங்கே. இப்படிக் கையைப் படித்துப் படித்து, முகத்தைப் பார்க்காமலே சமாளித்தாள். மாமியார் நீளமாக ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் மட்டும் சலவை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடிவிடுவாள்.

அவளுடைய பாஷையும் போய்விட்டிருந்தது. சபையில் எல்லாரும் ஆவியில் நிறைந்து பேசும்போது இவளுக்கு நாக்கு மரக்கட்டையாகக் கிடக்கும். யாரும் கண்டுகொள்ளாமல் இருக்க உதட்டை மட்டும் அசைப்பாள்.

அந்த நேரத்தில்தான் பாஸ்டர் இவர்கள் வீட்டுக்கு வந்தார். சபையின் வருடாந்திர ஸ்தோத்திர ஆராதனை வருகிறது. பாஸ்டர் நல்ல மனுஷர்தான். மாமியார் மருத்துவமனையில் கிடந்தபோது தினமும் வந்து, காரிடாரில் இவளுக்கும் சேர்த்துச் சாப்பாடு வைத்துக்கொண்டு நின்றவர்.

“அம்மாவை முன்னால உட்கார வெச்சு ஒரு சாட்சி,” என்றார். “எத்தனை வருஷம் காத்திருந்தாங்க. சரீரம் விழறதுக்கு முன்னாலேயே ஆண்டவர் அபிஷேகத்தைக் குடுத்துட்டார். குடுத்ததைத் திரும்ப எடுக்கவும் இல்ல. காத்திருக்கிற எத்தனை பேருக்கு இது ஆறுதல், சொல்லுங்க.”

மாமியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அத்தைக்கு ரொம்ப நேரம் உட்கார முடியாது பாஸ்டர்,” என்றாள் மருமகள்.

“கூட்டிட்டு வர்றோம்,” என்றான் கணவன்.

பாஸ்டர் போனபின், தேய்த்த சட்டைகளுக்கு உறை மாட்டிக்கொண்டே அவள் மெல்ல ஆரம்பித்தாள். “வேண்டாங்க. அத்தைக்கு அது பிடிக்கல. பார்த்தா தெரியலையா?”

அவன் ஒரு உறையை விரல் விட்டுப் பிரித்துக்கொண்டிருந்தான். பிரித்து முடித்துவிட்டுத்தான் பேசினான். “எங்க அம்மாவுக்குப் பேச்சு போயிடுச்சுன்னு நினைச்சா என்னால தாங்க முடியல. அந்த வாய் அது. இந்தத் தெருவே அதுக்குப் பயந்துது. பேச்சு போகல, பாஷைதான் மாறியிருக்குன்னு நினைச்சா கொஞ்சம் மூச்சு விட முடியுது. அதையும் வேணாங்கிறியா?”

அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். இவனிடம் இருப்பது அந்த ஒரு ஆறுதல். உண்மையைச் சொன்னால் முதலில் பறிபோவது அதுதான். அதன்பின் இவளையும் அவன் இந்த வீட்டில் வைத்திருப்பானா என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லாவிட்டாலோ, மேடையில் அத்தையை உட்காரவைத்து, அன்று காலை தான் செய்ததையே இந்த முறை ஊர் கூடிச் செய்யும். மறுபடியும் அந்தக் கை இழுக்கும். மறுபடியும் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள்.

*

சபை கூடும் இடம், டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. ரப்பர் வாசனையோடுதான் ஆராதனை நடக்கும். அன்று நாற்காலி போதாமல் பின்னால் நின்றார்கள். மாமியாரைக் கணவனும் மருமகளும் படியேற்றிக் கொண்டுவந்து முன்னால் உட்காரவைத்தார்கள். யாரோ நாற்காலிக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். மருமகள் அந்தத் துணியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. பாஸ்டர் நடந்த கதையைச் சொன்னார். காத்திருப்பு, கண்ணீர், மருமகளின் உபவாசம், கடைக்குள் இறங்கிய அபிஷேகம். பெண்கள் பக்கத்திலிருந்து பலர் இவளைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருகாலத்தில் அவள் ஆசைப்பட்ட தலையசைப்பு அது. இப்போது போர்வைக்குள் ஒளிய இடம் தேடும் பிள்ளைபோல் கூனிக் குறுகினாள். கணவன் முன்வரிசையில் கைகோத்துக்கொண்டு, அம்மாவையே பார்த்தபடி இருந்தான்.

பாஸ்டர் மைக்கை மாமியாரின் வாயருகே பிடித்தார், மிகவும் பணிவாக.

மாமியார் கொஞ்ச நேரம் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, “தகோரி,” என்றார். கூட்டம் ஆமென் என்றது. “ரிமாலே தகோரி!” கைகள் உயர்ந்தன. மாமியார் இடது கையால் நாற்காலிப் பிடியை அடித்தார். முழங்காலைத் தேய்த்தார். மறுபடி அடித்தார், தேய்த்தார். குரல் உயர உயர அறை முழுவதும் பாஷைகள் கிளம்பின. கீபோர்டு வாசிக்கிறவர் தாளத்தைக் கூட்டினார். மாமியாரின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

“இதுக்கு வியாக்கியானம் யாருக்காவது வெளிப்படுதா?” என்று பாஸ்டர் கேட்டார். அந்நிய பாஷைக்குப் பொருள் சொல்லும் வரம் சிலருக்கு உண்டு. அவர்கள் எழுந்து சொல்வது வழக்கம். யாரும் எழவில்லை.

பாஸ்டரம்மா திரும்பினார். “மகளே, நீ வா. கூடவே இருக்கிறவ நீதான். உன் ஜெபம்தானே இது.”

அவள் எழுந்தாள். மாமியாரின் எதிரில் போய் நின்று, எத்தனையோ நாளைக்குப் பிறகு முதல்முறையாக அந்த முகத்தை நேராகப் பார்த்தாள். கடையில் அன்று பார்த்த அதே கண்கள். அன்று அவற்றில் ஆனந்தம் இருந்ததாக எப்படி நம்பினோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தெள்ளத்தெளிவான பயம் அல்லவா அது.

மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“பாத்ரூம் போகணும்னு சொல்றாங்க,” என்றாள்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். பாஸ்டர் சங்கடமாகப் புன்னகைத்து மைக்குக்காகக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“இது பாஷை இல்ல பாஸ்டர். அன்னைக்கும் பாஷை இல்ல. ஊக்கு டப்பா கை நழுவி விழுந்துது, வாய் கோணிச்சு, அதுக்கப்புறம்தான் இந்தச் சத்தம் வந்துது. நான் பார்த்தேன். என் கையைப் பிடிச்சு வாசலுக்கு இழுத்தாங்க. நான் அழுத்தி மண்டி போட வெச்சேன். ரெண்டு சலவை முடியற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்து ஸ்தோத்திரம் பண்ணினேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். இனி சொல்லப்போவது சபைக்கு அல்ல. கணவன் பக்கம் திரும்பினாள். “எப்போ ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேட்டாங்க இல்ல. எனக்குத் தெரியும். கடை திறந்ததுமேன்னு தெரியும். உங்களுக்குப் பயந்து தெரியலன்னு சொன்னேன். சொல்லியிருந்தா அந்த ஊசியைப் போட்டிருப்பாங்க.”

கீபோர்டு எப்போதோ நின்றுவிட்டது. கீழே டயர் கடையில் யாரோ எதையோ சுத்தியால் தட்டும் சத்தம் மட்டும் மேலே வந்தது. பாஸ்டரம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அந்த விரிப்பு ஞாபகம் வந்திருக்கும்.

கணவன் அசையவில்லை. கோத்த கைகள் அப்படியே இருந்தன.

“அத்தையைக் கூட்டிட்டுப் போகணும்,” என்று மைக்கைப் பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, அவள் மாமியாரின் கையைத் தன் தோளில் போட்டுத் தூக்கினாள்.

கழிப்பறை, அந்த நீள அறையின் கோடியில் இருந்தது. சின்ன இடம், இரண்டு பேர் நின்றால் கதவைச் சாத்த முடியாது. வேலை முடிந்து, உடையைச் சரிசெய்துவிட்டு, கை கழுவிவிட அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழும் சத்தத்தில் அவளுக்கு அழுகை வந்தது. மாமியார் இடது கையை நீட்டிக் குழாயை மூடினார். அப்புறம் அதே கையால் அவள் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். கன்னத்தில் ஒரு அறை வைத்தார். வலுவில்லாத அறை. ஆனால் அறைதான், தட்டிக்கொடுத்தது இல்லை.

அவள் முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை.

கதவுக்கு வெளியே கணவன் நின்றிருந்தான். அவளைப் பார்க்கவில்லை. அம்மாவின் செயலற்ற பக்கத்தைத் தான் தாங்கிக்கொண்டான். இந்தப் பக்கத்தை அவள் தாங்குவதைத் தடுக்கவும் இல்லை. மூவருமாகப் படியிறங்கினார்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே நின்று நின்று இறங்க வேண்டியிருந்தது.

“வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்,” என்றான், படியைப் பார்த்தபடி. குரலில் ஒன்றும் இல்லை.

“சரிங்க.”

பாதிப் படியில் மாமியார் நின்றுவிட்டார். மூச்சு வாங்குவதற்கு என்று நினைத்தார்கள். அவர் பேச ஆரம்பித்தார். நீளமாக. “ரிமா தகோரி பாலெ, பாலெஷா ரிமாலே, தகோ…” கையில் சைகை ஏதும் இல்லை. இரண்டு கையும் மற்றவர்கள் தோளில் கிடந்தன. திட்டா, புலம்பலா, மகனுக்குச் சொல்கிறாரா, இவளுக்குச் சொல்கிறாரா, படிக்க வழியே இல்லை.

பழக்கத்தில் கணவனின் வாய் ஆமென் சொல்லத் திறந்தது. பாதியில் மூடிக்கொண்டது.

மருமகளுக்குக் கீழே ஓட இப்போது சலவை எதுவும் இல்லை.

“புரியல அத்தை,” என்றாள். “திரும்பச் சொல்லுங்க.”

மாமியார் அவளை முறைத்தார். மேஜைக்குப் பின்னாலிருந்து, கறையோடு கோட்டைக் கொண்டுவருகிறவர்களை முறைக்கும் அதே முறைப்பு. பின்பு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், கொஞ்சம் மெதுவாக, மந்தப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சத்தமாக நிறுத்தி.

“இன்னும் புரியல அத்தை.”

“எனக்கும் புரியலம்மா,” என்றான் மகன்.

மாமியார் சலித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். அடுத்த படியில் காலை வைத்தார். வைத்துக்கொண்டே மூன்றாம் முறையாகச் சொல்லத் தொடங்கினார். இருவரும் காதைக் கொடுத்துக்கொண்டே இறங்கினார்கள்.